கிம்ப் கோப்பின் மேல் ஏறிய உறை

ஃபோட்டோஷாப் வாங்க வசதியில்லாதவர்கள் படம் திருத்துவதற்கு முதலில் தேடிப் போவது கிம்ப்பைத்தான். விலை கிடையாது, விளம்பரம் கிடையாது, அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அப்படிப்பட்ட மென்பொருளை ஒருவர் டவுன்லோட் செய்து திறக்கும்போது, ஆன்டிவைரஸ் குறுக்கே வந்து ‘இது ஆபத்தானதாக இருக்கலாம்’ என்று நிறுத்தினால் அவர் என்ன முடிவுக்கு வருவார்? கிம்ப்பில் வைரஸ் இருக்கிறது என்றுதான். இருபது ஆண்டுகள் கூலி வாங்காமல் உழைத்தவர்களுக்குக் கடைசியில் கிடைக்கும் பெயர் அதுவாக இருந்தால் கொடுமை. 2013-லிருந்து 2015 வரை அந்தக் கொடுமை நடக்க வழியிருந்தது. கிம்ப்பின் விண்டோஸ் இன்ஸ்டாலர் எங்கே பிறந்தது, யார் யார் கைக்குப் போனது, எந்தக் கையில் கெட்டது என்று தொடர்ந்து பார்த்தால் பழி யார் மேல் விழ வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

1995-இல் அமெரிக்காவின் பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் கிம்ப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அது பொதுமக்களுக்கு வந்தது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளுக்காக எழுதப்பட்டது அது, விண்டோஸ்காரர்களுக்கு எட்டாது. 1997-இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த டோர் லில்க்விஸ்ட் அதை விண்டோஸில் ஓட வைத்தார். ஓட வைத்தால் மட்டும் போதாது. லினக்ஸ் பழகியவர் மூல நிரலை எடுத்துத் தானே தொகுத்துக்கொள்வார். விண்டோஸ் பயனர் ஒரே கோப்பை இருமுறை கிளிக் செய்து வேலை முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். அந்த ஒரே கோப்பைத்தான் இன்ஸ்டாலர் என்கிறோம். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த யெர்னெய் சிமோன்சிச் கிம்ப்புக்கான விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்று ஆண்டுக்கணக்கில் செய்துவந்தார். அதற்கு அவர் பயன்படுத்திய இன்னோ செட்டப் என்ற கருவியும் இலவசமே.

இன்ஸ்டாலருக்குள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சுருக்கிக் கட்டிய கோப்புகள், எந்தக் கோப்பு எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல், ரெஜிஸ்ட்ரியில் எழுத வேண்டிய சில வரிகள், நாளைக்கு வேண்டாம் என்றால் நீக்குவதற்கான வழி, இவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாலரைத் திறந்ததும் ‘இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?’ என்று விண்டோஸ் கேட்கும். ‘யெஸ்’ என்று அழுத்திய அந்த நொடியில் வீட்டுச் சாவிக் கொத்து முழுவதையும் கொடுத்துவிடுகிறோம். கிம்ப்பை வைக்க ஓர் அறை போதும், ஆனால் விண்டோஸில் ஓர் அறைக்கு மட்டும் சாவி கொடுக்கும் பழக்கம் இருந்ததில்லை. பின்னால் நடந்த வியாபாரம் முழுவதும் அந்த ஒரு அனுமதியின் மேல் கட்டப்பட்டது.

தயாரான கோப்பை எங்கிருந்து கொடுப்பது? தன்னார்வலர்களுக்கு சர்வர் வைக்கப் பணம் இருக்காது. லட்சக்கணக்கானவர்கள் இறக்கினால் பேண்ட்விட்த் செலவு தாங்காது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது சோர்ஸ்ஃபோர்ஜ். 1999 நவம்பரில் வி.ஏ. லினக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதைத் தொடங்கியது. அடுத்த மாதமே அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 30 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாளிலேயே 239 டாலரைத் தாண்டி முடிந்தது. பணம் கொட்டிய அந்தக் காலத்தில் திறமூல மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நிரல் வைக்க இடம், பிழை பதிவேடு, டவுன்லோட் வசதி எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார்கள். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் இணைய நிறுவனங்களும் தங்கள் சர்வர்களில் பிரதி வைத்து உதவின. ஓர் இலவச மென்பொருள் அங்கே இருந்தால் நம்பி இறக்கலாம் என்ற எண்ணம் பத்தாண்டுகளுக்கு மேலாக வேரூன்றியது. விண்டோஸுக்கான கிம்ப்பும் அங்கேதான் குடியிருந்தது.

பங்குச் சந்தைக் குமிழி உடைந்தது. உரிமையாளர் நிறுவனம் பெயர் மாறியது, தொழில் மாறியது. 2012 செப்டம்பரில் சோர்ஸ்ஃபோர்ஜையும் ஸ்லாஷ்டாட் தளத்தையும் இன்னொரு தளத்தையும் சேர்த்து டைஸ் ஹோல்டிங்ஸ் என்ற வேலைவாய்ப்பு இணைய நிறுவனம் 2 கோடி டாலருக்கு வாங்கியது. கோடிக்கணக்கான டவுன்லோடுகள் நடக்கும் இடம் கையில் இருக்கிறது, அதில் வருமானம் வர வேண்டும். இறக்கும் மென்பொருளோடு விளம்பரச் சலுகைகளை ஒட்டி அனுப்ப 2013 ஜூலையில் அவர்கள் கொண்டுவந்த திட்டத்துக்கு டெவ்ஷேர் என்று பெயர்.

அந்த யோசனை அவர்கள் கண்டுபிடித்ததல்ல. இலவச மென்பொருளோடு இன்னொன்றை ஒட்டி அனுப்பிக் காசு பார்ப்பது அதற்கு முன்பே பழகிப்போன தொழில். வீடியோ பார்க்க டிவ்எக்ஸ் நிறுவியவர்களுக்கு யாஹூ டூல்பார் வந்தது. அதில் கிடைத்த வருமானத்தைப் பார்த்து, டிவ்எக்ஸில் இருந்தவர்கள் வெளியே வந்து 2008-இல் ஓபன்கேண்டி என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். யாருடைய இன்ஸ்டாலரிலும் செருகிக்கொள்ளக்கூடிய விளம்பரத் துண்டு அவர்களுடைய சரக்கு. ஜாவா புதுப்பித்தவர்கள் ஆஸ்க் டூல்பாரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். அடோபி ஃப்ளாஷை இறக்கினால் மக்காஃபியின் ஸ்கேன் நிரலும் கூட வந்தது. பாதுகாப்பு நிறுவனம் ஒன்றே இந்த வழியில் வீட்டுக்குள் நுழைந்ததை இங்கே குறித்துவைக்க வேண்டும்.

இவற்றில் ஒரு பொது அம்சம் உண்டு. மென்பொருளை உருவாக்கியவரோ அதன் உரிமையாளரோ சம்மதித்துத்தான் ஒட்டு வேலை நடந்தது. 2011-இல் அந்தக் கோடும் அழிந்தது. சிநெட் நிறுவனத்தின் டவுன்லோட்.காம் தளம், பிறர் எழுதிய மென்பொருள்களைத் தன் சொந்த இன்ஸ்டாலர் என்ற உறைக்குள் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. நெட்வொர்க் ஆராய்ச்சிக்குப் பயன்படும் என்மேப்பும் அதில் சிக்கியது. 1997 முதல் அதை எழுதிவரும் கோர்டன் லயன் அந்த ஆண்டு டிசம்பரில் இதைக் கண்டுபிடித்துப் பகிரங்கமாக எதிர்த்தார். என்மேப் என்று நம்பி இறக்கினால், உள்ளே ஒரு டூல்பார் ஏறுகிறது, தேடுபொறி பிங் ஆக மாறுகிறது, ஹோம்பேஜ் எம்எஸ்என் ஆக மாறுகிறது. அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் திட்டு தன் மேல்தான் விழும் என்றார். பல ஆன்டிவைரஸ்களை வைத்துச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் அந்தக் கோப்பைப் போட்டுப் பார்த்தபோது சில ஆன்டிவைரஸ்கள் அதைப் பிடித்தன. சிநெட் மன்னிப்புக் கேட்டது. என்மேப்பை விட்டுவைத்தார்கள், உறை போடும் தொழிலை விடவில்லை.

அந்த உறை எப்படி வேலை செய்யும் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பெரிய இன்ஸ்டாலருக்குப் பதிலாக மிகச் சிறிய ஒரு கோப்பு முதலில் இறங்கும். பெயர் என்னவோ நாம் தேடிப்போன மென்பொருளின் பெயர்தான். திறந்தால் அதன் சின்னம், அதன் பெயர், ‘வரவேற்கிறோம்’ என்ற வாசகம். பின்னணியில் அந்தச் சிறு கோப்பு தன் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும்: இந்தக் கணினி எந்த நாட்டில் இருக்கிறது, எந்த பிரவுசர், எந்த ஆன்டிவைரஸ், ஏற்கெனவே எந்த டூல்பார் இருக்கிறது. பதிலைப் பார்த்து சர்வர் இவருக்கு ஏற்ற சலுகைகளை அனுப்பும். இரண்டாவது திரை வரும். மேலே நமது மென்பொருளின் சின்னம் அப்படியே இருக்கும். கீழே சிறிய எழுத்தில் வேறொரு நிறுவனத்தின் உரிம ஒப்பந்தம். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பளிச்சென்ற நிறத்தில், எப்போதும் ‘நெக்ஸ்ட்’ இருக்கும் அதே மூலையில். ‘வேண்டாம்’ என்பது சாம்பல் நிறத்தில், அழுத்தவே முடியாத பொத்தான் மாதிரி. சிலவற்றில் எக்ஸ்பிரஸ், கஸ்டம் என்று இரண்டு வழிகள் இருக்கும்; கஸ்டமைத் தேர்ந்தெடுத்தால்தான் டிக் அடித்து வைத்திருக்கும் கட்டங்களே கண்ணில் படும். இரண்டு மூன்று சலுகைகள் தாண்டிய பிறகுதான் உண்மையான இன்ஸ்டாலர் இறங்கி ஓடத் தொடங்கும். வேலை முடியும்போது கேட்டதும் இருக்கும், கேட்காததும் இருக்கும்.

இதைச் சம்மதம் என்று அந்த நிறுவனங்கள் வாதிட்டன. எளிதாக மறுக்கக்கூடிய சலுகை என்று விளம்பரம் செய்தன. பொத்தானின் நிறத்தையும் இடத்தையும் கண்ணை ஏமாற்றுவதற்காகவே தேர்ந்தெடுத்துவிட்டு, அழுத்தியவர் மேல் பொறுப்பைப் போடுவது நேர்மையான வாதமே அல்ல. நூறு பேரும் விரும்பிக் கேட்கும் பொருளாக இருந்தால் அதற்கு இவ்வளவு ஒளிவு மறைவு தேவைப்படாது.

இதன் பின்னால் இருந்த சந்தையை கூகுள் ஆய்வாளர்களும் நியூயார்க் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒரு கணினியில் ஒரு நிரலை ஏற்றிக் கொடுத்தால் 10 சென்ட்டிலிருந்து ஒன்றரை டாலர் வரை கிடைக்கிறது; நாட்டுக்கு நாடு விலை மாறுகிறது. இத்தகைய தேவையற்ற மென்பொருள்களைப் பற்றி கூகுளின் பாதுகாப்பு வசதி வாரத்துக்கு 6 கோடிக்கு மேல் எச்சரிக்கைகளைக் காட்டியதாக அந்த ஆய்வு சொல்கிறது. அசல் தீநிரல்களுக்குக் காட்டியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. டூல்பார் என்றால் ஏதோ சின்னத் தொல்லை என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இதே வகையைச் சேர்ந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரலை லெனோவோ நிறுவனம் தன் லேப்டாப்புகளில் முன்கூட்டியே ஏற்றி விற்றது. பிரவுசருக்கும் வங்கித் தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்து மறைகுறி இணைப்பையே அது பிரித்துப் பார்த்தது 2015 பிப்ரவரியில் அம்பலமானது.

அப்படியானால் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஏன் இந்த உறைகளை முதலிலேயே வைரஸ் என்று அறிவித்துத் தடுக்கவில்லை? வழக்குக்குப் பயந்து. இலவச மென்பொருளோடு விளம்பர நிரலை ஏற்றிய ஸாங்கோ என்ற நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். முறையான சம்மதம் இல்லாமல் நிரலை ஏற்றியதற்காக 2006-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 30 லட்சம் டாலருக்கு அது உடன்பாடு செய்துகொண்டது. அதற்குப் பிறகும் தன்னைத் தடுத்ததற்காக காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் எதிர்த் தரப்பிடம் வக்கீல் இருக்கிறார், ‘ஏற்கிறேன்’ என்று பயனர் அழுத்திய பதிவு இருக்கிறது. ஆகவே வைரஸ் என்றும் சொல்லாமல், நல்லது என்றும் சொல்லாமல், ‘தேவையற்றதாக இருக்கக்கூடிய நிரல்’ என்ற தனி வகையில் இவற்றை வைத்தார்கள். பல ஆன்டிவைரஸ்களில் அந்த வகையைப் பிடிக்கும் வசதி பயனர் தானே போய் இயக்கினால்தான் வேலை செய்யும் என்றிருந்தது. மைக்ரோசாஃப்ட் இதை 2015-இல் நிறுவனங்களுக்கு மட்டும் கொடுத்தது. சாதாரண விண்டோஸ் 10 பயனர்களுக்குத் தானாகவே இயங்கும்படி செய்தது 2021 ஆகஸ்ட்டில்தான்.

எச்சரிக்கை வந்த இடத்திலும் ஒரு சிக்கல். ஆன்டிவைரஸ் பார்ப்பது உறையின் குணத்தை: தெரியாத சர்வரோடு பேசுகிறது, வேறு கோப்புகளை இறக்கி ஓட்டுகிறது, பிரவுசர் அமைப்பில் கை வைக்கிறது, ஏற்கெனவே பிடிபட்ட உறைக் குடும்பத்தின் சாயல் இருக்கிறது. பிடித்தது சரி. ஆனால் திரையில் அது காட்டும் கோப்பின் பெயர் உள்ளே இருக்கும் அப்பாவி மென்பொருளின் பெயர். படிப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். பயந்து அந்த மென்பொருளையே விட்டுவிடுவார். அல்லது ‘இது நல்ல மென்பொருள்தானே, ஆன்டிவைரஸ் தவறாகச் சொல்கிறது’ என்று அதை அணைத்துவிட்டு நிறுவுவார். இரண்டாவது வகைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. சரியான எச்சரிக்கையைப் புறக்கணிக்கப் பழகிய கை, நாளைக்குப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் வரும்போதும் அதே பொத்தானைத்தான் அழுத்தும். ‘நிறுவும்போது ஆன்டிவைரஸை ஆஃப் செய்துகொள்ளுங்கள்’ என்று உதவிக் குறிப்பில் எழுதும் அளவுக்குச் சிலர் துணிந்தது இந்தச் சூழலில்தான்.

சோர்ஸ்ஃபோர்ஜுக்குத் திரும்புவோம். டெவ்ஷேரில் சேர்வது மென்பொருள் ஆசிரியரின் விருப்பம், வருமானத்தில் அவருக்கும் பங்கு என்பது அறிவிப்பு. ஃபைல்ஸில்லா தானாகவே சேர்ந்தது. சர்வருக்குக் கோப்புகளை ஏற்ற உதவும் அந்த நிரல் 2001-இல் ஜெர்மனியில் டிம் கோஸ்ஸேயும் இரண்டு வகுப்புத் தோழர்களும் பாடத் திட்டத்துக்காகத் தொடங்கியது. உலகம் முழுவதும் பயன்படுத்திய அதற்குப் பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால், சேர்ந்தவரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அது தவறான முடிவு. கிடைத்த காசு சிலருக்கு, இழந்த நம்பிக்கை எல்லோருடையது.

கிம்ப் குழு வேறு முடிவெடுத்தது. சோர்ஸ்ஃபோர்ஜ் பக்கங்களில் விளம்பரங்களே பச்சை நிற ‘டவுன்லோட்’ பொத்தான் வேடத்தில் நின்றதைப் பற்றி அவர்களுக்குப் புகார்கள் வந்துகொண்டிருந்தன. அதன் மேல் இந்த உறையும் வந்ததும், 2013 நவம்பரில் சோர்ஸ்ஃபோர்ஜை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டு, விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தங்கள் சொந்தத் தளத்திலிருந்தே கொடுக்கத் தொடங்கினார்கள்.

விட்டுப் போனால் விஷயம் முடிந்தது என்று நினைப்போம். முடியவில்லை. பழைய சோர்ஸ்ஃபோர்ஜ் பக்கம் அப்படியே இருந்தது. தேடுபொறிகள் இன்னமும் அங்கே ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தன. 2015 மே மாதக் கடைசியில் தெரியவந்தது: அந்தப் பக்கத்தின் கணக்கு இன்ஸ்டாலர் தயாரித்த சிமோன்சிச் கையில் இல்லை. சோர்ஸ்ஃபோர்ஜே அதை எடுத்துக்கொண்டு, கிம்ப்பின் புதிய பதிப்பைத் தன் உறைக்குள் போட்டு விளம்பரச் சலுகைகளோடு கொடுத்துக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, கைவிடப்பட்ட திட்டம் என்பதால் பிரதி எடுத்துப் பராமரிக்கிறோம் என்றார்கள். உறை வேண்டாம் என்று சொல்லி வெளியேறியவர்களின் பெயரிலேயே அந்த உறை மாட்டப்பட்டது. கிம்ப்பின் உரிமம் யாரும் அதைப் பிரதியெடுத்து வினியோகிக்கலாம் என்கிறது. பொதுமக்களுக்காகக் கொடுத்த சுதந்திரம் அது. பொதுமக்களை ஏமாற்ற அதையே கேடயமாகப் பிடித்ததை என்னால் வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்க முடியவில்லை.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. கிம்ப் குழு பகிரங்க அறிக்கை விட்டது. என்மேப்பின் கோர்டன் லயனும் தன் சோர்ஸ்ஃபோர்ஜ் பக்கம் கைமாறியிருப்பதாக எழுதினார். நோட்பேட்++ என்ற நிரலும் வெளியேறியது. விஎல்சி வீடியோ பிளேயர் அதற்கு முன்பே போயிருந்தது. ஜூன் முதல் வாரத்துக்குள் சோர்ஸ்ஃபோர்ஜ் பின்வாங்கியது. பராமரிப்பில்லாத திட்டங்களுக்கு இனி சலுகை ஒட்டமாட்டோம் என்றது. போன நம்பிக்கை திரும்பவில்லை. 2016 ஜனவரியில் தளம் இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. புதிய உரிமையாளர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பிப்ரவரியில் டெவ்ஷேரை முழுவதுமாக மூடியது. பிறகு அங்கே இருக்கும் கோப்புகளைத் தீநிரல் சோதனைக்கு உட்படுத்தத் தொடங்கினார்கள். இதை அவர்களுக்கு நல்லதாகவே சொல்ல வேண்டும்.

சோர்ஸ்ஃபோர்ஜ் திருந்தியதால் தொழில் ஒழிந்துவிடவில்லை. இன்றும் ஒரு இலவச மென்பொருளின் பெயரைத் தேடினால், அசல் தளத்தைப் போன்ற முகவரியில் விளம்பரமாக மேலே வந்து நிற்கும் போலிப் பக்கங்கள் உண்டு. ஆகவே சில பழக்கங்கள் வேண்டும். தேடல் முடிவில் முதலில் வருவதை அழுத்தாமல், மென்பொருளை உருவாக்கியவர்களின் தளத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து இறக்குங்கள். இறங்கிய கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் டிஜிட்டல் கையொப்பப் பகுதி இருக்கிறதா, கையெழுத்திட்டவர் பெயர் சம்பந்தப்பட்டவருடையதுதானா என்று பாருங்கள். எக்ஸ்பிரஸ், கஸ்டம் என்று கேட்டால் எப்போதும் கஸ்டம். ஆன்டிவைரஸ் தடுத்தால் அதை அணைக்காதீர்கள். கோப்பை அழித்துவிட்டு அசல் தளத்திலிருந்து மறுபடி இறக்குங்கள். அப்போதும் தடுத்தால் உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். தவறான எச்சரிக்கையாக இருந்தால் அதைத் திருத்த வைக்க அவர்களால் முடியும். வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கணினி தயார் செய்து கொடுப்பவர் நீங்கள் என்றால் இந்த வேலை உங்களுடையது.

கிம்ப் தளத்தின் டவுன்லோட் பக்கத்தில் விண்டோஸ் இன்ஸ்டாலருக்குக் கீழே அந்தக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஷா-256 எண் கொடுத்திருக்கிறார்கள். இறக்கிய கோப்பின் எண்ணும் அதுவும் ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்தினால் வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள். 2022 ஜூன் முதல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் அதை அந்தக் குழுவே நேரடியாகக் கொடுக்கிறது. இரண்டு இடத்திலும் விலை இல்லை, ஒட்டும் இல்லை. அதே தளத்தில் நன்கொடைக்கு ஒரு பக்கம் இருக்கிறது. கிம்ப்பை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள் அங்கே ஒருமுறையாவது போய் வாருங்கள்.